ராமமூர்த்தியிடம் சேர்ந்த எல்லோருமா கனகா ஆனார்கள்?

கேள்வி: இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர் என்று டாக்டர் டி.எஸ்.கனகாவைக் கொண்டாடுகிறோம். டாக்டர் பி.ராமமூர்த்தி மாதிரி ஒரு மேதையிடம் சேர்ந்தால் யார்தான் பெரிய ஆளாக மாட்டார்கள்?

பதில்: அவரிடம் எத்தனையோ பேர் படித்தார்கள். எல்லோருமா கனகா ஆனார்கள்?

ராமமூர்த்தியின் பங்கு மிகப் பெரியது. வேலூரில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிய மறு ஆண்டே, 1950-ல், சென்னை பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவை உருவாக்கியவர். அறுவை மருத்துவத்துக்குப் பெண்கள் வருவதே அபூர்வமான காலத்தில் கனகாவுக்கு அங்கே இடம் கிடைத்தது. வெறும் இடம் இல்லை, கடினமான வேலையும் கிடைத்தது.

ஸ்டீரியோடாக்டிக் அறுவையைச் சொல்கிறேன். நோயாளியின் தலையில் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரேயில் அளவெடுத்து, மண்டையோட்டில் போட்ட சின்னத் துளை வழியாக மெல்லிய மின்முனையை மூளையின் ஆழத்துக்குச் செலுத்துவார்கள். சி.டி. ஸ்கேன் வராத காலம் அது. போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது, கணக்குதான் வழி. சில மில்லிமீட்டர் பிசகினால் நோயாளிக்குக் கை கால் விழுந்துவிடலாம், பேச்சு போய்விடலாம். சரியாகப் போய்ச் சேர்ந்தால், பார்க்கின்சன் நோயாளியின் கைநடுக்கம் மேஜையிலேயே அடங்கும். அந்த நேரத்தில் மின்முனையைப் பிடித்திருக்கும் கைக்கு எந்த குருவின் புகழும் உதவாது.

1970 வாக்கில் வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பாருங்கள். உடன் பணியாற்றிய பாலசுப்பிரமணியம், கனகா பெயர்கள் முன்னால், ராமமூர்த்தி பெயர் கடைசியில். தலைவர் பெயர் கடைசியில் வருவது மருத்துவ உலக வழக்கம்தான். ஆனாலும் உழைத்தவர் பெயரையே விட்டுவிடும் தலைவர்களும் உண்டே!

அப்புறம், குரு தராத பகுதி. சீனப் போர்க் காலத்தில் ராணுவ மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றிவிட்டு, 1968-ல் மூளை அறுவைக்கான எம்.சிஎச். என்ற உயர் பட்டம் பெற்றவர் கனகா. மின்முனையை மூளைக்குள்ளேயே நிலையாகப் பொருத்தும் சிகிச்சையை இந்தியாவில் முதலில் செய்தவர்களில் ஒருவர். ஏழைகளின் சிகிச்சைக்காகப் பெற்றோர் பெயரில் அறக்கட்டளை நடத்தினார். இதையும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதப் போகிறீர்களா?