நண்பர் 52 பவுண்டு என்கிறார், கோச் 58 என்கிறார். டென்னிஸ் ராக்கெட்டுக்கு எந்த டென்ஷன் (ஸ்ட்ரிங் கட்டும் இறுக்கம்) சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எந்த ஸ்ட்ரிங்குக்கு என்பதுதான் உங்கள் கேள்வியில் இல்லை. மெல்லிய இழைகள் பல சேர்த்துச் செய்த மல்டிஃபிலமென்ட் நைலானுக்கு 58 ஒன்றும் அதிகமில்லை. அதே 58-ஐ விறைப்பான பாலியெஸ்டரில் (சுருக்கமாக பாலி) போட்டால் பலகையை வைத்து அடிப்பது போலிருக்கும். நான் அப்படிப் போட்டு மாட்டிக்கொண்டவன். இறுக்கமாகக் கட்டினால் கன்ட்ரோல் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாலியில் 58 போட்டு மூன்று மாதம் ஆடினேன். கடைசியில் பாட்டில் மூடியைத் திருகக்கூட முழங்கை ஒத்துழைக்கவில்லை. சில வாரம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மல்டிஃபிலமென்ட்டில் 52-க்கு இறங்கினேன். அன்றிலிருந்து பாலி பக்கம் போனால் 48-ஐத் தாண்டுவதில்லை.

தளர்த்தினால் ஏன் பந்து தூரம் போகிறது என்று பலர் குழம்புவார்கள். இறுக்கிய வில்தானே வேகமாக எய்யும்? இங்கே விஷயம் பந்தில் இருக்கிறது. டென்னிஸ் பந்து அடிபட்டு நசுங்கும்போது நிறைய ஆற்றலைத் தின்றுவிடும். விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினத் தரையில் போட்டால் அது 135 முதல் 147 செ.மீ. வரைதான் எழும்ப வேண்டும். அதாவது ஆற்றலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போச்சு. ஸ்ட்ரிங் அப்படியில்லை, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே ஸ்ட்ரிங் நன்றாகக் குழிந்து கொடுத்தால் பந்து குறைவாக நசுங்கும், இழப்பும் குறையும். ஆனால் இதனால் கூடும் வேகம் சொற்பம். தளர்ந்த ராக்கெட்டில் பந்து கொஞ்சம் மேல்நோக்கிக் கிளம்புவதுதான் கோட்டைத் தாண்டிப் போவதற்குப் பெரிய காரணம்.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. மரராக்கெட் காலத்தில் பியான் போர்க் 80 பவுண்டு அளவில் இறுக்கிக் கட்டுவார். இந்தக் காலத்து அட்ரியன் மன்னாரினோ 30-க்கும் கீழே. இரண்டு பேரும் பந்தைக் கோட்டுக்குள்தான் போட்டார்கள்! 1997-இல் குஸ்தாவோ குயர்த்தன் லக்ஸிலான் என்ற பிராண்டின் பாலியோடு பிரெஞ்சு ஓபனை வென்ற பிறகுதான் பாலி மோகம் பரவியது. இப்படித் தொழில்முறையாக ஆடுகிறவர்களுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் புது ஸ்ட்ரிங் கட்டிக் கொடுக்க ஆள் உண்டு. நாமோ அறுந்தால்தான் மாற்றுவோம். பாலி அறுவதற்கு வெகு முன்பே நெகிழ்வை இழந்து செத்துவிடும். அந்தச் செத்த ஸ்ட்ரிங்தான் கையைப் பதம் பார்க்கிறது.

இன்னொன்று, இயந்திரத்தில் வைத்த எண் ராக்கெட்டில் அப்படியே இருப்பதில்லை. ஸ்ட்ரிங் கட்டிய முதல் நாளிலேயே கணிசமாகத் தளரும், அதிலும் பாலி ரொம்பவே. மாட்டுக் குடலில் செய்யும் நேச்சுரல் கட் (gut) மட்டும் டென்ஷனை நெடுநாள் தாங்கும். ‘கட்டிங் போயிடுச்சு’ என்று நைலானுக்கும் சொல்கிறோமே, அந்தக் ‘கட்’ இந்தக் குடல்தான். வெட்டுவதும் இல்லை, கட்டுவதும் இல்லை.

கட்டும் இயந்திரமும் கணக்கை மாற்றும். கைப்பிடி சுற்றும் கிராங்க் வகை, வைத்த அளவு வந்ததும் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஸ்ட்ரிங் நெகிழ்ந்தால் அதற்குத் தெரியாது. மின்சார வகை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே 54, கிராங்கில் கட்டினால் கொஞ்சம் தளர்வாகத்தான் வரும். என்னிடம் இருப்பது எடைத்தண்டு வகை, தண்டில் மாட்டிய எடை இறங்கி ஸ்ட்ரிங்கை இழுக்கும். தண்டு கிடைமட்டமாக நிற்க வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் மல்லுக்கட்டினேன். அப்புறம் கணக்குப் போட்டால், 10 டிகிரி சாய்ந்தாலும் ஒன்றரை சதவீதம்தான் குறைகிறது, 54-இல் ஒரு பவுண்டுகூட இல்லை. மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டேன்.

கட்டும் முறை நெசவுதான். நெடுக்காகப் போகும் மெயின்கள் பாவு, குறுக்கே மேலும் கீழுமாய் நுழையும் கிராஸ்கள் ஊடை. மெயின்களை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறிக் கட்ட வேண்டும். ஒரே பக்கமாகக் கட்டிக்கொண்டு போனால் ஃபிரேம் கோணும். கிராஸ்களைத் தலையிலிருந்து கழுத்தை நோக்கி இறக்குவது பாதுகாப்பு. மெயின் கழுத்துப் பக்கம் முடிகிற ராக்கெட் என்றால் மெயினுக்கு ஒன்று, கிராஸுக்கு ஒன்று என ஸ்ட்ரிங்கை இரண்டு துண்டாகக் கட்டி நான்கு முடிச்சு போடுங்கள். முடிச்சு கூடினால் டென்ஷன் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், எனக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை. நான் முதன்முதலில் கட்டிய ராக்கெட்டில், எல்லாம் முடித்து முடிச்சும் போட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், ஐந்தாவது கிராஸ் ஓரிடத்தில் அடியில் போகாமல் அடுத்தடுத்து இரண்டு மெயின்களுக்கு மேலேயே போயிருந்தது. இரண்டு மணி நேர வேலை. பிரிக்க மனம் வராமல் அப்படியே ஆடினேன். பந்துக்கு ஒன்றும் தெரியவில்லை, என் கண்தான் ஒவ்வொரு சர்வுக்கு முன்னாலும் அங்கேயே போய் நின்றது.

சரி, உங்களுக்கு. ராக்கெட் கழுத்தருகே 50–60 என்பது போல ஒரு எல்லை அச்சிட்டிருக்கும். மல்டிஃபிலமென்ட் என்றால் அதன் நடுவில் ஆரம்பியுங்கள். பாலி என்றால் கீழ் எல்லையில், அல்லது அதற்கும் இரண்டு குறைத்து. பந்து தொடர்ந்து வெளியே போனால் அடுத்த முறை இரண்டு கூட்டுங்கள். ஒரு பவுண்டு வித்தியாசம் தெரிகிறது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஆளிடம், ஒரே இயந்திரத்தில் கட்டுங்கள்; இல்லாவிட்டால் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதற்கே அர்த்தம் இருக்காது. கட்டிய அன்று உள்ளங்கையில் தட்டி ஓசையைக் கேட்டு வையுங்கள். சுருதி நன்றாக இறங்கிவிட்டது என்று காதுக்குப் பட்டால், அறுகிறவரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஆட்டத்தின் நடுவே அறுந்தால் அப்படியே பைக்குள் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இழுவிசை இருந்தால் ஃபிரேம் கோணிப்போகும். கத்தரிக்கோலை எடுத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மெயினும் கிராஸும் சேர்த்து மூலைவாட்டில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.