பாராட்டு மார்ச் வரைக்கும், ரேட்டிங் மட்டும் 3

கேள்வி: அக்கா, ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில ஆறு வருஷமா டெஸ்டிங் டீம்ல இருக்கேன். வருஷம் முழுக்க "சூப்பர்மா"னு சொன்ன மேனேஜர் அப்ரைசல்ல 3 போட்டுட்டார். கேட்டா "பெல் கர்வ்மா, என் கையில இல்ல"ங்கறார். போர்ட்டல்ல அக்செப்ட் குடுக்க பத்து நாள்தான் டைம். பேப்பர் போட்டு வேலைய விட்டுடலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: இந்த மாசம் பேப்பர் போடாத தங்கச்சி. கோவத்துல மெயில் அடிச்சு வச்சிருந்தா அது டிராஃப்ட்லயே கிடக்கட்டும்.

அவர் சொன்னதுல பாதி உண்மைதான். பெல் கர்வ்னா இத்தன பேர் மேல, இத்தன பேர் கீழனு ஆளுங்கள முன்னாடியே வகுத்த விகிதத்துல பிரிக்கறது. 80கள்ல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனில அதோட தலைவர் ஜாக் வெல்ச் கொண்டு வந்த கணக்கு, மேல 20 சதவீதம் பேர், நடுவுல 70, கீழ 10. மைக்ரோசாஃப்ட் இந்த மாதிரி முறைய 2013லயே விட்டுட்டாங்க, ஆனா இங்க நிறைய இடத்துல இன்னும் இதான் ஓடுது, டீம்ல பத்து பேரும் நல்லா பண்ணாலும் யாரோ ஒருத்தர் கீழ போயே ஆகணும், எனக்கு இது அநியாயமாத்தான் படுது.

மீதி பாதி அவர் கையில இருந்துச்சு. யாருக்கு எந்த ரேட்டிங்னு முடிவு பண்ற நார்மலைசேஷன் மீட்டிங்ல எல்லா மேனேஜரும் உக்காந்து அவங்கவங்க ஆளுக்காக மல்லுக்கட்டுவாங்க. நானும் அந்த ரூம்ல பல வருஷம் உக்காந்திருக்கேன். "நல்ல பொண்ணு, கஷ்டப்பட்டு உழைக்கறா"ன்னா அங்க எடுபடாது, "பேமென்ட் ரெண்டு தடவ கட் ஆகற டிஃபெக்ட்ட லைவ் போறதுக்கு முந்தின ராத்திரி பிடிச்சது இவதான்"னா நிக்கும். அப்படிச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லாம என் டீம் பொண்ணு ஒருத்தியோட ரேட்டிங்க விட்டுக்குடுத்திருக்கேன், அது இன்னிக்கும் உறுத்துது.

அதுவும் டெஸ்டிங்ல நீ ஒழுங்கா வேல செஞ்சா வெளிய ஒண்ணுமே நடக்காது, நடக்காதத யாரு பார்ப்பா? செல்ஃப் அப்ரைசல்ல "நானூறு டெஸ்ட் கேஸ் ஓட்டினேன்"னு எழுதினா அது வெறும் எண்ணிக்க, எது உடைஞ்சிருக்கும், கஸ்டமருக்கு என்ன ஆகியிருக்கும்னு எழுதணும். இனிமே ஒவ்வொரு ரிலீஸ் முடிஞ்சதும் ரெண்டு வரி குறிச்சு வை, ஏன்னா மார்ச்ல உக்காந்தா பிப்ரவரில நடந்ததுதான் ஞாபகம் வரும், உனக்கும் சரி அவருக்கும் சரி.

இப்ப அவர்கிட்ட அரை மணி நேரம் கேளு. "அவளுக்கு மட்டும் 4 ஏன்"னு ஆரம்பிச்சிடாத, பேச்சு அங்கயே முடிஞ்சிரும். "4 வாங்க நான் செஞ்சிருக்க வேண்டியது என்ன, ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்க"னு கேட்டுட்டு வாய மூடிட்டு உக்காரு. அன்னிக்கு சாயங்காலமே பேசினத மெயில்ல போட்டுடு. ரேட்டிங் மாறறது கஷ்டம், ஆனா அடுத்த வருஷத்துக்கு அந்த மெயில் கையில இருக்கும். அக்செப்ட் குடுக்கறதுக்கு முன்னாடி கமென்ட் பாக்ஸ் இருக்கானு பாரு, இருந்தா உனக்கு உடன்பாடு இல்லங்கறதையும் காரணத்தையும் ரெண்டு வரில எழுது, அழுத கதைய அங்க எழுதாத.

3ன்னா நிறைய கம்பெனில எதிர்பார்த்த அளவு செஞ்சாங்கனுதான் அர்த்தம், வீட்ல யாரும் ஃபெயில் மார்க் மாதிரி பேசினா இத சொல்லு.

மீட்டிங் எப்படி போச்சுனு எழுது. ஒரு சம்பவம்கூட அவரால சொல்ல முடியலன்னா, அப்ப பேப்பர் போடறதப் பத்திப் பேசலாம்.