கலோரி, கிலோகலோரி: எதை எங்கே எழுதுவது?

கேள்வி: ஐயா, உணவுக் கட்டுரை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறேன். ஒரே எண்ணுக்கு ஓரிடத்தில் கலோரி என்றும் இன்னோரிடத்தில் கிலோகலோரி என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி?

பதில்: உணவு என்று வந்துவிட்டால் இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன. இயற்பியலில் கலோரி என்பது 1 கிராம் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவைப்படும் வெப்பம். உணவுக்காரர்களின் கலோரி அதைப்போல 1,000 மடங்கு. ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டு இதைப் பிரித்துக் காட்டும் வழக்கம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அந்த அடையாளம் மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகும். அதனால் எண் வருமிடத்தில் ‘கிலோகலோரி’ என்றே எழுதுங்கள். ‘கலோரி குறைந்த உணவு’ என்பதுபோல் எண் இல்லாத இடத்தில் கலோரி போதும்.

கேள்வி: எழுதியது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். மாவுச்சத்து, புரதம் இரண்டுக்கும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்புக்கு 9. நூறு கிராம் பிஸ்கட்டில் மாவுச்சத்து 75, புரதம் 7, கொழுப்பு 15 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 300 + 28 + 135 = 463 கிலோகலோரி. இதையே இயற்பியல் கணக்கில் ‘463 கலோரி’ என்று எழுதினால் அரை லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்தக்கூடப் போதாது! நார்ச்சத்துக்குக் கணக்கு வேறு என்பதால் பொட்டலத்தில் உள்ள எண் சற்று விலகலாம். ஆயிரம் மடங்கு விலகினால் அலகுதான் தவறு.

கேள்வி: 200 கலோரியா, 200 கலோரிகளா?

பதில்: 200 கலோரி. ‘ஐந்து கிலோக்கள் அரிசி’ என்று யாரும் கேட்பதில்லையே.

கேள்வி: பாடநூலில் ஜூல்தான் இருக்கிறது. கலோரியை விட்டுவிடலாமா சார்?

பதில்: வெப்பத்துக்கும் ஜூலே அலகு என்று 1948-இல் பன்னாட்டு எடை அளவை மாநாடு முடிவு செய்துவிட்டது. அறிவியல் கட்டுரையில் ஜூல் எழுதுங்கள்; 1 கிலோகலோரி = 4.184 கிலோஜூல். ஆனால் சமையல், உடல்நலப் பக்கங்களில் வாசகருக்குப் பழகியது கலோரிதான். அங்கே ஜூல் மட்டும் போட்டால் யாருக்கும் பயன்படாது.

கேள்வி: இலங்கை நூலில் ‘யூல்’, ‘சக்தி’, ‘வலு’ என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழையே இல்லை, அவை அங்குள்ள கலைச்சொற்கள். நம் ஜூல் அங்கே யூல், ஆற்றல் அங்கே சக்தி, திறன் அங்கே வலு. திருத்த வேண்டாம். ஒரே கட்டுரையில் இரண்டு வழக்கையும் கலக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: ‘நீரின் வெப்பம் 55 டிகிரி’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. டிகிரியில் அளப்பது வெப்பநிலை. வெப்பம் என்பது ஆற்றல். 15 லிட்டர் கீசரில் நீரை 25-இலிருந்து 55 டிகிரிக்கு உயர்த்த 15 × 30 = 450 கிலோகலோரி வேண்டும். 860 கிலோகலோரி ஒரு யூனிட் மின்சாரம்; ஆக அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு குவளை நீரும் அதே 55 டிகிரியில் இருக்கலாம், அதைச் சூடாக்க இதில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் செலவாகும்.