இடமும் காலமும் தொடர்ச்சியானவையா, துண்டு துண்டானவையா?

'பிளாங்க் நீளம்தான் கடைசித் துண்டு என்று நிரூபித்துவிட்டார்களாமே' என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏதோ யூடியூப் காணொளி பார்த்திருப்பீர்கள். தப்பில்லை. பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தும் நானே பல வருடம் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதில்: இன்னும் யாருக்கும் தெரியாது. ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியல், அணு உலகை விளக்கும் குவாண்டம் இயக்கவியல் இரண்டுமே இடமும் காலமும் தொடர்ச்சியானவை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகின்றன. பிளாங்க் நீளம் என்பது ஒளியின் வேகம் முதலான மாறிலிகளைப் பெருக்கி வகுத்து எடுத்த ஓர் அலகு, அவ்வளவுதான். சுமார் 1.6 × 10⁻³⁵ மீட்டர். அந்த அளவுக்குப் போனால் நம் கோட்பாடுகளை நம்ப முடியாது. அதற்குக் கீழே நீளமே கிடையாது என்று அர்த்தமில்லை. அதே முறையில் பிளாங்க் நிறையும் உண்டு, சுமார் 22 மைக்ரோகிராம். எலக்ட்ரான் அதைவிட எவ்வளவோ லேசு. அதுதான் கடைசி நிறை என்று யாராவது சொல்கிறார்களா?

இதையெல்லாம் என்னைப் படிக்க வைத்தது ஒரு மாணவி. 'இடமும் டைல்ஸ் மாதிரி துண்டுதான்' என்று நான் சொன்னதும் எழுந்து தரையைக் காட்டினாள். "சார், சுவரோரம் பத்து டைல்ஸ். மூலைக்கு மூலை எண்ணினாலும் பத்துதான். ஆனா அந்தத் தூரம் பதினாலு வரணுமே? டைல்ஸை விடச் சின்னது எதுவுமே இல்லன்னா, மீதி நாலு எங்கிருந்து வருது?"

"பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன்.

ராத்திரி கிராஃப் தாளில் எண்ணிப் பார்த்தேன். கட்டத்தை எவ்வளவு பொடியாக்கினாலும் பிதாகரஸ் வரவே இல்லை. இதே வாதத்தைக் கணித மேதை ஹெர்மன் வைல் 1949-இலேயே வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

'சதுரக் கட்டத்துக்குத்தானே இது பொருந்தும்' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். அறுகோணம் போட்டாலும் திசைக்குத் திசை தூரம் மாறும். ஈர்ப்பையும் குவாண்டத்தையும் இணைக்க முயலும் 'லூப் குவாண்டம் ஈர்ப்பு' என்ற கோட்பாடு அப்படி டைல்ஸ் பதிக்கிற கதை இல்லை என்பதும் தெரியும். அந்தக் கோட்பாட்டில் பரப்பும் கன அளவும் படிப்படியாகத்தான் ஏறும் என்று இயற்பியலாளர்கள் ரொவெல்லியும் ஸ்மோலினும் 1995-இல் காட்டினார்கள். ஆனால் அது தாளில் போட்ட கணக்கு, ஆய்வகச் சான்று இல்லை. சோதனை என்று பார்த்தால், 2009 மே மாதம் ஃபெர்மி விண்தொலைநோக்கி ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. 730 கோடி ஆண்டு பயணித்து வந்த ஒளி. அதில் மிக அதிக ஆற்றல் கொண்ட ஃபோட்டான் (ஒளித்துகள்) கூட ஒரு விநாடி அளவுக்கும் பின்தங்கவில்லை. இடம் கரடுமுரடாக இருப்பதால் அது தாமதமாகும் என்று சொன்ன சில மாதிரிகள் அதோடு அடிபட்டன. எல்லாம் அல்ல.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பீரியட் முழுக்க இதைப் பேசினேன். 'போர்ஷன் முடிக்காமல் டைல்ஸ் எண்ணுகிறீர்களாமே' என்று நிர்வாகத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் லேப் பீரியடை நீட் டெஸ்ட்டுக்குப் பிடுங்கிக்கொண்டவர்கள்தான் கேட்கிறார்கள்! கம்பியின் தடிமனை அளக்கும் ஸ்க்ரூ கேஜைக் கையால் தொடாத பிள்ளைக்கு, ஒரு கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவான மீச்சிற்றளவை எப்படிப் புரிய வைப்பது? ஸ்க்ரூ கேஜ் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும். அதைவிட மெல்லிய கம்பி உலகத்திலேயே இல்லை என்றா ஆகிவிடும்?

அவள் பி.காம். சேர்ந்துவிட்டாள்.