றேடியேற்றரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: உப்புவெளியிலிருந்து கந்தளாய்க்கு எனது பழைய கொரொல்லாவில் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். ரிசேவ் போத்தலில் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. நிலத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. கராஜ் ஒன்றில் றேடியேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா ஐயா?
- வாசகி, உப்புவெளி

பதில்: பொறுங்கோ தங்கச்சி. எங்கே ஒழுகுது என்று கண்ணால் காட்டாதவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கார் ஓடும்போதுதான் உள்ளே அமுக்கம் ஏறி, வெடிப்பு வாய் திறக்கும். கசிகிற துளி சூடான எஞ்சினில் பட்டு ஆவியாகிவிடும். நிலத்துக்கு எதுவும் வராது. காய்ந்த இடத்தில் கூலன்டின் நிறத்தில் ஒரு படிவு மட்டும் மிஞ்சும். ஹோஸ் கிளிப்புகளையும், வோட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையையும் டோர்ச் அடித்துப் பாருங்கோ.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் கைப்பம்ப் சோதனைதான். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் செய்யவேண்டும். சூட்டில் றேடியேற்றர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். மூடியின் இடத்தில் மீற்றர் வைத்த பம்பைப் பூட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் அடிக்கலாம். மூடியில் 1.1 என்றிருந்தால், பம்பின் மீற்றரில் ஏறக்குறைய 16 இறாத்தல். அதைத் தாண்டினால் பழைய றேடியேற்றரின் பிளாஸ்டிக் தொட்டி வெடிக்கும், பிறகு கராஜ்காரர் சொன்னதே உண்மையாகிவிடும்! கால் மணித்தியாலம் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு பெரும்பாலும் இல்லை. மூடியையும் அதே பம்பில் சோதிக்கலாம். அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலும் கூலன்ட் போத்தலால் வழிந்து போய்விடும். மூடி மலிவான சாமான், அதனாலோ என்னவோ யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

முள் இறங்குது, வெளியே ஈரமே இல்லை என்றால் இரண்டு இடம். ஒன்று, டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீற்றர். திருகோணமலை வெயிலில் நாங்கள் அதைப் போடுவதே இல்லை, ஆனாலும் ஜப்பான் காரில் கூலன்ட் அதற்குள்ளும் ஓடும். இடப்பக்கக் கால்மிதி நனைந்து, பிசுபிசுத்து, இனிப்பு மணம் வந்தால் அதுதான். வெறும் தண்ணீரென்றால் ஏசித் தண்ணீர். நக்கிப் பார்க்கவேண்டாம், கூலன்ட் நஞ்சு.

மற்றது ஹெட் காஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் உதறி, வெள்ளைப் புகை விட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கோ. கூலன்ட் நுழைந்த சிலிண்டரின் பிளக் ஈரமாகவோ, கழுவிவிட்டது போலவோ இருக்கும்.

அதுவரைக்கும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவேண்டாம். கடற்கரை உவர் அலுமினியத்தை அரிக்கும். காரில் இருக்கும் அதே வகைக் கூலன்ட் ஒரு போத்தல் டிக்கியில் இருக்கட்டும்.