நாள் திட்டமிடும் ஆப் யாருக்கு உதவும், யாருக்கு வீண்? – கேள்வி பதில்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 22 வருஷம் புரொடக்‌ஷன் பிளானிங் பார்த்தவன் நான். எந்த லைனில் எத்தனை ஜோடி, எந்தத் தேதியில் கன்டெய்னர் ஏறும் என்று கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் போனில் வரும் திட்டமிடும் ஆப்களையும் நோண்டிக்கொண்டிருப்பேன். வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வேலைகளை வரிசையாக எழுதி டிக் அடிப்பது வெறும் பட்டியல். அதில் நாற்பது வேலை எழுதினாலும் அது வாயைத் திறக்காது. நான் இங்கே பேசுவது ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று கேட்டு, கூட்டிப் பார்த்து, ‘இன்றைக்கு இவ்வளவு கொள்ளாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் வகையைப் பற்றி.

கே: சார், காட்பாடியில் பி.டெக். கடைசி வருஷம் படிக்கிறேன். புராஜெக்ட், கேட் பரீட்சை, பிளேஸ்மென்ட் மூன்றும் சேர்ந்து வருகிறது. தினமும் அழகாகத் திட்டம் போடுகிறேன். இரவு பார்த்தால் பாதிகூட முடியவில்லை. எனக்குத்தான் ஒழுங்கு இல்லையா?

இல்லம்மா, இது மனுஷ இனத்துக்கே உள்ள வியாதி. 1979-இல் உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் இதற்கு ‘பிளானிங் ஃபாலசி’ (ஆகும் நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போடும் தப்பு) என்றே பெயர் வைத்தார்கள். 1994-இல் வெளிவந்த பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரின் ஆய்வைக் கேட்டால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்றதற்கு 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல்! சொதப்பினால் என்று யோசித்துச் சொன்ன கணக்குகூடக் குறைச்சல்தான்.

அதனால் இனி ‘இந்த சாப்டர் எவ்வளவு நேரம் ஆகும்’ என்று யோசிக்காதே. போன சாப்டருக்கு எவ்வளவு ஆச்சு என்று பார்த்து அதையே ஆப்பில் போடு. பத்து நாள் குறித்து வைத்தால் உன் சொந்தக் கணக்கு கிடைத்துவிடும். உன்னைப் போன்றவர்களுக்கு இந்த ஆப் நன்றாகவே உதவும். ஏனென்றால் வகுப்பு போக மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று நீயேதான் முடிவு செய்கிறாய்.

கே: அண்ணா, ஆற்காட்டில் வீட்டு முன் அறையிலேயே டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த மாசம் வந்தால் தினம் சண்டைதான். ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லிச் சொல்லி என் பேரே கெட்டுப்போச்சு. ஆப் எல்லாம் எனக்கு எதற்கு என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

அவர் சிரிக்கட்டும் தங்கச்சி. வந்த கேள்விகளிலேயே இந்த ஆப் யாருக்கு அதிகம் பயன்படும் என்றால் உங்களுக்குத்தான். போனில் உங்களோடு உட்கார்ந்து போட்ட கணக்கை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கடை காலை 10 முதல் இரவு 8 வரை, பத்து மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி. அளவு எடுப்பது, டிசைன் காட்டுவது, போட்டுப் பார்த்து ‘இங்கே கொஞ்சம் பிடிங்க’ என்பவர்களுக்கு இரண்டரை மணி. நூல், லைனிங் துணி வாங்க பஜாருக்குப் போய்வர அரை மணி. மெஷினில் உட்காருவதற்கு மிஞ்சுவது ஆறு மணி நேரம்தான். லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு ஒன்றரை மணி என்று சொன்னீர்கள். சந்தேகத்தில், நாலு பிளவுஸுக்கு மணி பார்த்து எழுதச் சொன்னேன். கட்டிங், தையல், எம்மிங், ஹூக் எல்லாம் சேர்த்து சராசரி 2 மணி 20 நிமிஷம் வந்தது. ஆக ஒரு நாளைக்கு இரண்டரை பிளவுஸ், ஆறு நாளில் பதினைந்து. நீங்கள் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது வாரத்துக்கு இருபத்தைந்து!

உங்கள் கை வேகத்தில் குறையே இல்லை. துணியை வாங்கும்போதே கூடுதலாக வாங்கிவிடுகிறீர்கள். எங்கள் கம்பெனியிலும் இதே கதைதான். மார்க்கெட்டிங் ஆட்கள் வாயாலேயே ஆர்டர் எடுத்துவிடுவார்கள், கட்டிங் செக்‌ஷனில் இருப்பவன் தூங்காமல் கிடப்பான்.

இனி இப்படிச் செய்யுங்கள். வாரத்துக்குப் பதின்மூன்று பிளவுஸ்தான். இரண்டு இடம் ஆல்டரேஷனுக்கும், அழுதுகொண்டு வரும் அவசரக் கல்யாணத்துக்கும் காலியாக இருக்கட்டும். துணி வாங்கும்போதே வாடிக்கையாளர் கண் முன்னால் ஆப்பில் போடுங்கள். பதினான்காவது துணி வந்தால் காலியான இடம் அடுத்த வாரத்தில்தான் காட்டும். அந்தத் தேதியைத்தான் வாயால் சொல்ல வேண்டும். ‘போன் காட்டுதும்மா, நான் என்ன பண்றது’ என்று பழியை அதன் மேல் போடலாம், அதற்கு வலிக்காது. இரண்டு பேர் வேறு கடைக்குப் போவார்கள், போகட்டும். பிளவுஸில் ஊசியால் போடும் ஆரி எம்பிராய்டரி வேலைக்குக் கணக்கே வேறு, அதை இந்தப் பதின்மூன்றோடு சேர்க்காதீர்கள்.

கே: வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு வாரம் காலை டியூட்டி, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். எந்த ஆப்பும் மூன்று நாளைக்கு மேல் ஒத்துவரவில்லை.

தினமும் இத்தனை மணிக்கு என்று பூட்டி வைக்கும் ஆப் உங்களுக்கு ஒத்துவராதுதான். டியூட்டி நேரம் உங்கள் கையில் இல்லை, அதற்குள் திட்டம் போடுவதும் வீண். மூன்று வகை நாளை மட்டும் தனித்தனியாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: காலை நாள், மதிய நாள், நைட் நாள். ரோஸ்டர் கைக்கு வந்ததும் அந்தந்தத் தேதியில் ஒட்டிவிடுங்கள். மூன்றிலும் தூக்கத்தை முதலில் போடுங்கள், மற்றது அப்புறம். நைட் முடிந்து வரும் நாளில் ஒரே ஒரு வெளிவேலை போதும். பேங்க் போவதென்றால் பேங்க் மட்டும்.

கே: பேரணாம்பட்டு. தோல் பதப்படுத்தும் டேனரியில் சூப்பர்வைசர். தோலை ஊறப்போட்டால் ஊறும் வரைக்கும் சும்மா, அப்புறம் எல்லாமே ஒரே நேரத்தில் வரும். இதை எப்படி ஆப்பில் போடுவது?

நம்ம ஊர்க் கேள்வி! கை நேரம் வேறு, காத்திருக்கும் நேரம் வேறு. தோல் டிரம்மில் சுற்றுகிற நேரம் டிரம்முக்குச் சொந்தம், உங்களுக்கு இல்லை. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தும்போது வாரக்கணக்கில் ஆகும். அதற்காக யாராவது வாரக்கணக்கில் குழியோரம் உட்கார்ந்திருந்தார்களா? ஆப்பில் கை நேரத்தை மட்டும் வேலையாகப் போடுங்கள். டிரம் திறக்க வேண்டிய நேரத்துக்கு அலாரம் போதும். இரண்டு டிரம் ஒரே நேரத்தில் திறக்க வேண்டி வந்தால் முந்தின நாளே கண்ணில் படும், ஒன்றைத் தள்ளி ஏற்றிக்கொள்ளலாம். அதற்காகவே இது உங்களுக்கு உபயோகம். இட்லி மாவு ஆட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். மாவு புளிப்பது யாருடைய வேலையும் இல்லை.

கே: குடியாத்தம். இரண்டு பிள்ளைகள், மாமியாருக்குச் சர்க்கரை, வீட்டுக்காரர் கடை. ஆப்பில் எழுதின மாதிரி ஒரு நாளும் நடப்பதில்லை, வெறுப்பாக இருக்கிறது.

நடக்காதும்மா. உங்கள் நாளை நாலு பேர் வெட்டுகிறார்கள். அதில் பத்து வேலைக்கு மணி குறித்து வைத்தால் தினமும் தோற்ற மாதிரிதான் தெரியும். ஆப் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்: உங்களுக்கு இது பாதிதான் உதவும்.

அந்தப் பாதியையும் வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். ஒரு வாரத்துக்குத் திட்டமே போடாதீர்கள். செய்து முடித்ததை மட்டும் நேரத்தோடு குறித்து வாருங்கள். மாமியாருக்கு ஊசி, பிள்ளைக்கு ஹோம்வொர்க், குழாயில் தண்ணீர் பிடித்தது, கடைக்குச் சாப்பாடு அனுப்பியது, எல்லாமே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதை அவர் எடுத்துக்கொள்வார் என்று அப்போது பேசுங்கள். அவரும் பகிர்ந்துகொண்ட கேலண்டர் என்றால்தான் அந்த வீட்டில் அதற்கு வேலை.

கே: ஏ.டி.எச்.டி. (கவனம் ஒரு இடத்தில் நிற்காத குறைபாடு) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வயது 27. ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது.

நேரம் ஓடுவது உள்ளே தெரியாமல் போவதை ரஸல் பார்க்லி போன்ற நிபுணர்கள் ‘டைம் பிளைண்ட்னஸ்’ என்கிறார்கள். சோம்பேறி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் தம்பி. டெய்லர் தங்கச்சிக்கு அடுத்து இந்த ஆப்பால் அதிகப் பலன் உங்களைப் போன்றவர்களுக்குத்தான், ஆனால் ஒரு ஆபத்தோடு. ஆப்பை அலங்கரிப்பதிலேயே அந்த இரண்டு மணி நேரமும் போய்விடும். கலர், ஐகான் பக்கமே போகாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று வேலை. மீதி நேரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சுருங்கிக்கொண்டே வரும் டைமர் உள்ள ஆப்பாகப் பாருங்கள். டாக்டர் சொன்னதை இதற்காக விட்டுவிட வேண்டாம்.

கே: அம்மா சிகிச்சைக்காகத் திருவண்ணாமலையிலிருந்து வந்து வேலூரில் லாட்ஜில் தங்கியிருக்கிறோம். வேலையையும் லேப்டாப்பில் பார்க்க வேண்டும். தினமும் திட்டம் தவறுகிறது.

டோக்கன், ரத்தப் பரிசோதனை, ரிப்போர்ட், மறுபடி டாக்டர். இதில் எதற்கும் நீங்கள் மணி குறிக்க முடியாது. ஆஸ்பத்திரி இருக்கிற நாளில் ஆப்பில் ‘ஆஸ்பத்திரி’ என்று ஒரே வரி போட்டு மூடிவிடுங்கள். வரிசையில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சின்ன வேலைகளை மட்டும் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள், மணி போடாமல். ஆபீஸிலும் அன்றைக்கு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.

கே: காட்பாடி டு சென்னை, தினமும் டிரெயின். போக வர நாலு மணி நேரத்துக்கு மேல் போகிறது. அதில் படிக்கத் திட்டம் போடலாமா?

உட்கார இடம் கிடைக்கிற பக்கம் மட்டும் போடுங்கள். நின்றுகொண்டு வருகிற பக்கத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

கே: காசு கட்டி வாங்க வேண்டுமா? எந்த ஆப் நல்லது?

முதல் மாசம் கட்ட வேண்டாம். கூகுள் கேலண்டரில் வேலையைக் கட்டமாகப் போட்டு நீளத்தை இழுத்தாலே நேரக் கணக்கு வந்துவிடும். நாள் நிரம்பி வழிவது கண்ணுக்கே தெரியும். ‘சன்சாமா’ போன்றவை கொள்ளளவு தாண்டினால் எச்சரிக்கின்றன, ஆனால் கட்டணம் அதிகம். டெய்லர் கடைக்கெல்லாம் அது கட்டாது. ஒரு மாசம் விடாமல் போட்டீர்கள் என்றால் அப்புறம் யோசிக்கலாம்.

கே: சத்துவாச்சாரி. ரிட்டயர்ட் வாத்தியார். பெங்களூரில் இருக்கும் மகன் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்து, தினமும் எழுதுங்கள் நைனா என்கிறான். காலையில் நடை, பேப்பர், மார்க்கெட், சாயங்காலம் நண்பர்கள். இதில் என்ன எழுதுவது?

ஒன்றும் எழுத வேண்டாம் சார். உங்கள் நாள் ஏற்கெனவே ஒழுங்காக ஓடுகிறது. பி.பி. மாத்திரைக்கு அலாரம் வைத்துவிட்டு ஆப்பை எடுத்துவிடுங்கள். மகன் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.