பல் போனால் ஞாபகமும் போகுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிட்டன. சில மாதமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். பல் போனால் மூளை சுருங்கும் என்கிறார்களே, உண்மையா? பல் செட் வைத்தால் சரியாகுமா?

பதில்: பல் இழப்புக்கும் மறதிக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். 34,000 பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வில், பற்களை அதிகம் இழந்தவர்களுக்கு நினைவுத்திறன் குறையும் வாய்ப்பு 1.48 மடங்காக இருந்தது. பல் செட் வைத்திருந்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் பல் விழுந்ததால்தான் மறதி வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோயும் புகையிலையும் ஈறையும் கெடுக்கும், மூளையின் ரத்தக் குழாய்களையும் கெடுக்கும்.

அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். நம் பக்கம் களி இருப்பதால் பல் இல்லாத குறை வெளியே தெரிவதில்லை. உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்கிவிடலாம், வயிறும் நிறைந்துவிடும். கறியும் வேர்க்கடலையும் தட்டை விட்டுப் போனதை வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கறி, முட்டை, பால் குறைந்தால் வைட்டமின் பி12 குறையும். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டாலும் குறையலாம். பி12 குறைந்தாலே மறதி வரலாம். நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், ஏனென்றால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடியது. அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அதனால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். காது சரியாகக் கேட்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

பல் செட் கட்டாயம் வையுங்கள், நன்றாக மென்று சாப்பிடுவதற்காக. வந்த மறதி அதனால் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் சில வாரம் ஈறில் உரசிப் புண்ணாகும். பலர் அத்தோடு கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். திரும்பப் போனால் தேய்த்துச் சரிசெய்து தருவார்கள். இரவில் கழற்றி, கழுவித் தண்ணீரில் போட்டுவையுங்கள். ஆடும் பற்கள் மிச்சமிருந்தால் ஈறுக்கும் சிகிச்சை வேண்டும்.

அப்புறம், பல்லில் உள்ள பழுப்புக் கறை பெரும்பாலும் நம் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் வருவது. பல் ஆடி விழுவதற்கு ஈறு நோய்தான் முக்கியக் காரணம். இருந்தாலும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கிடைத்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.

திடீரென்று பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.